எம்பிஐ (ஒரே நேரத்தில் ஓடும் பல ப்ராசஸ்கள், அதாவது நிரலின் தனித்தனிப் பிரதிகள், தரவு பரிமாறிக்கொள்ள உதவும் தரமுறை) நிரலில் எல்லா ப்ராசஸுக்கும் ஒரே தரவை அனுப்ப சென்ட் லூப் போதாதா? பிராட்காஸ்ட் எதற்கு?

நான்கு ப்ராசஸ் என்றால் லூப்பே போதும், வித்தியாசம் தெரியாது. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

1024 ப்ராசஸ் ஓடும்போதுதான் கணக்கு மாறும். லூப்பில் ரேங்க் 0 (0 என்ற எண் கொண்ட ப்ராசஸ்) மட்டுமே 1023 முறை அனுப்ப வேண்டும். பிராட்காஸ்ட்டில் தரவு மரம்போலக் கிளைவிடும்: வாங்கியவை எல்லாம் அடுத்த சுற்றில் தாமும் கொடுக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 10 சுற்றில் 1024-க்கும் போய்ச் சேர்ந்துவிடும். தரவு பெரிதாக இருந்தால் நூலகமே அதைத் துண்டு போட்டு வேறு முறையில் அனுப்பும். அந்த வேலையை நாம் கையால் எழுதத் தேவையில்லை.

ஆனால் வேகத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. பிராட்காஸ்ட், ரெட்யூஸ் (எல்லோருடைய எண்களையும் கூட்டியோ பெரியதை எடுத்தோ ஒரே விடையாக்குவது), ஆல்ரெட்யூஸ் (அந்த விடையை எல்லோருக்கும் தருவது) எல்லாமே கூட்டு அழைப்புகள். அந்தக் கம்யூனிகேட்டரில் (ஒன்றோடொன்று பேசும் ப்ராசஸ்களின் குழு) உள்ள ஒவ்வொரு ப்ராசஸும், அதே வரிசையில், அழைத்தே ஆக வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது. ஒரு திரும்பச்செய் கணக்கீட்டில் (விடை சரியாகும்வரை ஒரே படியைத் திரும்பத் திரும்பச் செய்வது), லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஆல்ரெட்யூஸ் இருந்தது; ஒவ்வொரு ப்ராசஸும் தன் பங்கின் பிழை, அதாவது விடையில் மிஞ்சும் வித்தியாசம், குறைந்ததும் லூப்பை விட்டு வெளியேறும்படி எழுதியிருந்தேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை, நிரல் அப்படியே நின்றுவிட்டது. ஜிடிபி (GDB) என்ற பிழைத்திருத்தியை ஒவ்வொரு ப்ராசஸிலும் இணைத்து ஸ்டாக்கை (எந்த அழைப்பில் நிற்கிறது என்ற பட்டியல்) பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: ஒன்று மட்டும் ஃபைனலைஸில் (எம்பிஐயை முடித்துவைக்கும் அழைப்பு) இருந்தது, மற்றவை எல்லாம் ஆல்ரெட்யூஸில் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தன.

சரிசெய்வது எளிது. எல்லோருடைய பிழையிலும் பெரியதை ஆல்ரெட்யூஸால் எடுத்து, அந்த எண்ணை வைத்து வெளியேறுவதை முடிவு செய்தேன். ஆல்ரெட்யூஸ் எல்லா ப்ராசஸுக்கும் ஒரே விடையைத்தான் தர வேண்டும் என்பது எம்பிஐ விதி. அதனால் எல்லாம் ஒரே சுற்றில் வெளியே வரும்.

இன்னொன்று, பிராட்காஸ்ட் முடிந்துவிட்டதாலேயே எல்லோரும் அந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள் என்று நம்பிவிடாதீர்கள். அந்த உறுதி வேண்டுமென்றால் அதற்கென்றே பேரியர் (எல்லோரும் வரும்வரை காத்திருக்க வைக்கும் அழைப்பு) இருக்கிறது. சிலருக்கு மட்டும் அனுப்ப வேண்டுமென்றால் கம்யூனிகேட்டரைப் பிரித்துக்கொள்ளுங்கள், இஃப் போட்டுத் தடுக்காதீர்கள்.

அப்புறம், உங்கள் சென்ட் லூப்பை எடுக்கும்போது ரிசீவ் வரியையும் எடுத்துவிடுங்கள். பிராட்காஸ்ட்டில் வருவதை ரிசீவால் வாங்க முடியாது. அனுப்புகிற ரேங்கும் பெறுகிற ரேங்கும் அதே பிராட்காஸ்ட் வரியைத்தான் அழைக்க வேண்டும், ரூட் எண்ணும் (அனுப்புகிற ரேங்கின் எண்) எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.