டொரண்டோவில் இறங்கிவிட்டீர்கள், பணம் இன்னும் மேடவாக்கத்திலேயே இருக்கிறது

கேள்வி: எனக்கு வயது 34, மனைவிக்கு 31, மகளுக்கு 4. பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் அனுமதி) கிடைத்து நவம்பர் முதல் வாரம் டொரண்டோ வந்தோம். ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட்டில் மாதம் 1,800 டாலர் வாடகை. 24,000 டாலர் கொண்டுவந்தோம். இரண்டு மாத வாடகை, மெத்தை, குளிர் கோட்டு எல்லாம் போக 19,000 மிச்சம். எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. சென்னையில் மேடவாக்கம் ஃபிளாட் (கடன் பாக்கி 26 லட்சம், இ.எம்.ஐ. 31,000, வரும் வாடகை 19,000), சேமிப்புக் கணக்கில் 5 லட்சம், எஃப்.டி. 8 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 11 லட்சம், மாத எஸ்.ஐ.பி. (ஃபண்டில் போடும் மாதத் தவணை) 15,000, பி.பி.எஃப். 4 லட்சம். தாம்பரத்தில் இருக்கும் பெற்றோருக்கு மாதம் 15,000 அனுப்புகிறேன். 'ஃபிளாட்டை விற்றுவிட்டு அங்கேயே காலூன்று' என்கிறார் அப்பா. வெளிச்சம் வரும் வேறு வீடு ஒன்று பார்த்தோம். வேலை இல்லாததால் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். எஃப்.டி.யை உடைக்கவா, ஃபிளாட்டை விற்கவா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த ஆறு மாத வாடகை. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஒன்டாரியோ சட்டப்படி வீட்டுக்காரர் முன்பணமாகக் கேட்கக்கூடியது ஒரு மாத வாடகைதான். அதுவும் கடைசி மாதத்துக்குக் கழித்துக்கொள்ள வேண்டியது. வேலை கிடைக்கும் வரை பேஸ்மென்ட்டிலேயே இருங்கள். டிசம்பரில் எந்த வீட்டிலும் வெளிச்சம் குறைவுதான்!

இனி கணக்கு. இரண்டு ஊருக்கும் தனித்தனிக் காகிதம் எடுங்கள். ஒரே காகிதத்தில் டாலரையும் ரூபாயையும் கலந்து எழுதுவதால்தான் இந்தப் பதற்றம்.

டொரண்டோ காகிதம்: வாடகை, மளிகை, பஸ், போன் எல்லாம் சேர்த்து மாதம் 3,200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 19,000 டாலர் ஆறு மாதம் வரும். ஆனால் நீங்கள் கடிதத்தில் குறிப்பிடாத ஒரு வரவு இருக்கிறது: குழந்தைகளுக்காகக் கனடா அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 2025 ஜூலை முதல் ஆண்டுக்கு அதிகபட்சம் 7,997 டாலர், அதாவது மாதம் 666. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவார்கள். புதிதாக வந்தவர்கள் வருவதற்கு முந்தைய வருமானத்தையும் எழுதித் தர வேண்டும். நீங்கள் இங்கே ஆண்டுக்கு 14 லட்சம் வாங்கியிருந்தாலும் டாலரில் அது 25,000-க்குள்தான் நிற்கும். அந்த வருமானத்துக்கு முழுத் தொகையும் கிடைக்கும். ஆர்.சி.66 படிவம், கூடவே புதிதாக வந்தவர்களுக்கான இணைப்பு. மனைவி பெயரில் விண்ணப்பியுங்கள். தாயும் தந்தையும் ஒரே வீட்டில் இருந்தால் குழந்தையைக் கவனிப்பவர் தாய் என்றுதான் வரித்துறை எடுத்துக்கொள்ளும். இந்தப் பணம் வர ஆரம்பித்தால் ஆறு மாதம் ஏழரை மாதமாகிவிடும். மருத்துவத்துக்கு ஓஹிப் (ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடு) அட்டை வாங்கிவிட்டீர்களா? முன்பு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

சென்னை காகிதம்: இ.எம்.ஐ.யில் வாடகை போக 12,000 துண்டு விழுகிறது. பெற்றோருக்கு 15,000, எஸ்.ஐ.பி. 15,000. ஆக மாதம் 42,000 போகிறது, வரவு எதுவும் இல்லை. எஸ்.ஐ.பி.யை இந்த மாதமே நிறுத்துங்கள். சம்பளம் இல்லாதபோது சேமிப்பிலிருந்து எடுத்துச் சேமிப்பது வீண் வேலை. தவிர, அமெரிக்கா, கனடாவில் வசிப்பவர்களிடம் புது முதலீடு வாங்காத ஃபண்ட் நிறுவனங்கள் பல. வாங்கிய யூனிட்டுகள் அப்படியே இருக்கட்டும். கே.ஒய்.சி.யில் மட்டும் என்.ஆர்.ஐ. என்று மாற்றிவிடுங்கள்.

எஸ்.ஐ.பி. நின்றால் மாதம் 27,000-தான் போகும். ஏப்ரலுக்குப் பிறகு வாடகையில் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்தாலும் (கீழே வருகிறேன்) சேமிப்புக் கணக்கில் உள்ள 5 லட்சம் பதினைந்து மாதத்துக்குக் குறையாமல் தாங்கும். எஃப்.டி.யைத் தொடவே வேண்டாம். ஃபிளாட்டுக்கு எங்கே அவசரம்?

பல குடும்பங்கள் சறுக்குவது அடுத்த விஷயத்தில். ஆள் விமானம் ஏறிவிடுகிறார், பணத்துக்கு யாரும் டிக்கெட் போடுவதில்லை. அங்கேயே குடியேறும் எண்ணத்தோடு கிளம்பிய நாளிலிருந்தே ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் இந்தியாவில் வசிக்காதவர். சாதாரண சேமிப்புக் கணக்கை இனி வைத்துக்கொள்ளக் கூடாது. வங்கியில் சொல்லி என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வரவு செலவுக்கு வைப்பது) மாற்ற வேண்டும். எஃப்.டி.க்கும் இதேதான். இந்திய வாடகையும் இ.எம்.ஐ.யும் இந்தக் கணக்கில் ஓடட்டும். வரி கட்டிய பிறகு என்.ஆர்.ஓ.விலிருந்து நிதியாண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே அனுப்பலாம். கதவு திறந்தேதான் இருக்கும், இன்றே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக வேண்டியதில்லை. நாளைக்கு அங்கே சம்பாதித்து இங்கே அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. கனடாவில் உண்டு. இந்தப் பின்பாதியைப் பலரும் சொல்வதில்லை. பி.பி.எஃப்.பும் அப்படியே: முதிர்வு வரை தொடரலாம், நீட்டிக்க முடியாது, அங்கே வட்டிக்கு வரி விலக்கும் கிடையாது.

வருமான வரிச் சட்டம் வேறு கதை. அது நாட்களை எண்ணும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 214 நாள் இங்கே இருந்திருக்கிறீர்கள், 182-ஐத் தாண்டிவிட்டது. எனவே மார்ச் வரை வரிக் கணக்கில் நீங்கள் இந்தியவாசி. ஃபெமாவில் வெளிநாட்டுக்காரர், வரியில் உள்ளூர்க்காரர். குழப்பம்தான், ஆனால் தப்பில்லை. அதற்குள் அங்கே சம்பளம் வந்துவிட்டால், இரு நாட்டு வரி ஒப்பந்தம் தெரிந்த ஆடிட்டரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். ஏப்ரல் முதல் வரியிலும் நீங்கள் வெளிநாட்டுக்காரர் ஆவதால், உங்கள் வாடகைதாரர் 31.2 சதவீதம், அதாவது 5,928 ரூபாய், டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டும். இப்போதே அவரிடம் சொல்லிவையுங்கள். திடீரென்று கேட்டால் வீட்டைக் காலி செய்துவிடுவார். கூடுதலாகப் பிடித்தது ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்ப வரும்.

ஃபிளாட் விஷயத்தில் அப்பா சொல்வதில் முழுத் தப்பு இல்லை. மாதம் 12,000 விழுங்கும் வீட்டைக் காலமெல்லாம் கட்டி அழ வேண்டியதில்லை. ஆனால் பயத்தில் விற்பவனிடம் வாங்குபவன் விலையைக் குறைப்பான். ஒரு வருடம் கழித்துப் பாருங்கள். அதற்கு முன் இந்த வாரமே ஒரு வேலை இருக்கிறது: நீங்கள் கனடாவில் இறங்கிய நாளில் ஃபிளாட்டின் சந்தை மதிப்பு என்ன என்று பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்குங்கள். அதே தேதிக்கு ஃபண்டுகளின் என்.ஏ.வி.யுடன் (ஒரு யூனிட்டின் மதிப்பு) ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையும் எடுத்து வையுங்கள். அன்றைய மதிப்பில் வாங்கியதாகவே கனடா வரித்துறை எடுத்துக்கொள்ளும், அதற்கு மேல் வரும் லாபத்துக்குத்தான் அங்கே வரி. பத்து வருடம் கழித்து விற்கும்போது இந்த இரண்டு தாள் பல ஆயிரம் டாலர் பெறும்.

வாடகை, வீட்டு வரி வேலைகளுக்கு அப்பாவுக்குப் பவர் கொடுப்பதானால், அங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்று) வாங்கி அனுப்பலாம். 2024 ஜனவரி 11 முதல் கனடாவிலும் அந்த வசதி வந்துவிட்டது. காகிதம் இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.

கொத்தமல்லிக் கட்டு ஒன்றரை டாலர், தொண்ணூறு ரூபாய் என்று மனைவி கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். காய் வாங்கினால் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாக வாங்கிப் பழகிய கை அது, சட்டென்று மாறாது. இந்த ஒரு மாதம் டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்கட்டும், தேவையில்லாத செலவு அடங்கும். அப்புறமும் பெருக்கிக்கொண்டே இருந்தால் குழந்தைக்கு நல்ல பூட்ஸ் வாங்கக்கூட மனசு வராது.

கடைசியாக, உங்கள் சென்னை மொபைல் எண். என்னிடம் வரும் ஒருவர் ரீசார்ஜ் செய்ய மறந்து எண்ணையே இழந்தார். வங்கி, ஃபண்ட், வருமான வரி எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். எண்ணை மாற்றக் கோரும் படிவத்தை ஏற்கவும் அதே எண்ணுக்கு ஓ.டி.பி.! நாலு மாதம் அலைந்தார். ரோமிங் போட்ட அந்த சிம் உங்கள் போனிலேயே இருக்கட்டும். அடுத்த ரீசார்ஜ் தேதியைத் தாம்பரம் வீட்டுக் காலண்டரில் அம்மாவை வட்டம் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.