இரவில் ஒலியைக் குறைத்தால் பாஸ் காணாமல் போவது பற்றி

வணக்கம் நண்பரே. குழந்தை தூங்கிய பிறகு யமஹா ஏ-எஸ்501 ஆம்பிளிஃபயரில் மெதுவாகப் பாட்டு கேட்டால் பாஸே (தாழ்ந்த, கனமான ஒலி) இல்லை, ஸ்பீக்கரை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள். நம் காதே அப்படித்தான்: ஒலி குறையக் குறைய, நடு அலைவரிசையைவிடத் தாழ்ந்த ஒலிகள் வேகமாக மங்கிவிடும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து வெளியிட்டார்கள்.

இதற்கான வழி உங்கள் ஆம்பிளிஃபயரிலேயே இருக்கிறது. முதலில் பியூர் டைரக்ட் என்ற வசதியை ஆஃப் செய்யுங்கள். அது ஆனில் இருந்தால் டோன் (பாஸ், ட்ரெபிள் குமிழ்கள்), லவுட்னஸ் எதுவும் வேலை செய்யாது. லவுட்னஸ் குமிழை ஃபிளாட் (எதையும் மாற்றாத நிலை) என்பதில் வைத்து, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அதிகபட்ச அளவுக்கு வால்யூமை ஏற்றுங்கள் (இதைப் பகலிலேயே செய்துவிடுங்கள்). அப்புறம் வால்யூமைத் தொடாமல் லவுட்னஸ் குமிழாலேயே ஒலியைக் குறையுங்கள். அது நடுப்பகுதியைத்தான் அதிகம் குறைக்கும், பாஸ் தங்கும். பலர் இந்த வரிசையை விட்டுவிட்டு, லவுட்னஸே வீண் என்கிறார்கள். நல்ல வசதி அது.

இன்னும் போதவில்லை என்றால் பாஸ் குமிழைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ட்ரெபிள் (உயர்ந்த ஒலிகளுக்கானது) அப்படியே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கவனம்: லவுட்னஸை மறுபடி ஃபிளாட்டுக்குத் திருப்பும் முன் வால்யூமைக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீடே அதிரும்.