சாரலில் மஞ்சளாகும் மணி பிளான்ட்

கேள்வி: வரவேற்பறையில் தொங்கும் மணி பிளான்ட்டுக்குத் தினமும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுகிறேன். கோடையில் செழிப்பாக இருந்தது. சாரல் தொடங்கியதும் அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்கின்றன. உரம் போதவில்லையா?
- வாசகி, செங்கோட்டை

பதில்: உரத்தை இப்போது தொடவே வேண்டாம். தண்ணீர்தான் கூடிப்போயிருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உங்கள் ஊர்க் காற்றிலேயே ஈரம் நிற்கும், வெளிச்சமும் மங்கல். ஏப்ரலில் செடி இழுத்துக்கொண்ட அதே ஒரு டம்ளர் இப்போது மண்ணிலேயே தேங்கும். காற்றுப் புகாமல் வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீரை இழுக்காது என்பதால், மண் ஈரமாக இருக்கும்போதே இலை துவளும். வாடுகிறதே என்று மறுபடியும் ஊற்றுவதில்தான் பல செடிகள் போய்விடுகின்றன.

செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். வெளுப்பாக, கெட்டியாக இருப்பது நல்ல வேர். பழுப்பாகி, இரு விரலால் இழுத்தால் மேல்தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சுகிறதா? அது அழுகல். சுத்தமான கத்தரிக்கோலால் அதையெல்லாம் வெட்டிவிடுங்கள். செம்மண் 2 பங்கு, அலசிய கோகோபீட் (தென்னைநார்த் தூள்) 1, கழுவிய மணல் 1, மக்கிய தொழு உரம் அரைப் பங்கு கலந்து நடுங்கள். 6 அங்குலத் தொட்டி போதும். பெரிய தொட்டியில் ஈரம் நாள்கணக்கில் காயாது. தொங்குதொட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தட்டில் நிற்கும் தண்ணீரை ஒவ்வொரு முறையும் கொட்டிவிட வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

இனி நாள் பார்த்து ஊற்றாதீர்கள். விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டு, ஈர மண் ஒட்டாமல் வந்தால் மட்டும் ஊற்றுங்கள். சாரல் காலத்தில் அதற்குப் பத்து நாள்கூட ஆகலாம். உரம், புதுத் துளிர் வந்த பிறகு.

கேள்வி: பாட்டில் தண்ணீரில் வளர்க்கிறேன். கொசுப்புழு வருகிறது. இலையும் சிறுத்துக்கொண்டே போகிறது.
- வாசகர், களியக்காவிளை

பதில்: டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறக்குறைய 7 முதல் 10 நாள். ஆகவே 5 நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கண்ணாடியில் முட்டை ஒட்டியிருக்கும், பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். பாட்டில் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள்.

இலை சிறுக்க இரண்டு காரணம். வெறும் தண்ணீரில் சத்து இல்லை. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்குக் கால் கிராம் வீதம் மாதம் ஒருமுறை சேர்க்கலாம். இன்னொன்று, இது பற்றி ஏறும் கொடி. தொங்கவிட்டால் இலை சிறிதாகும். தென்னை நார் சுற்றிய கம்பில் ஏற்றிக் கட்டினால் பெரிதாகும். ஜன்னலோரமாக, நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். இருட்டு மூலையில் மஞ்சள் வரிகளும் மறைந்துவிடும்.

கேள்வி: குழந்தை தவழும் வீட்டில் இதை வைக்கலாமா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: எட்டாத உயரத்தில் வைக்கலாம், கொடி தரைக்கு வராமல் வெட்டிவிட வேண்டும். சேனைக்கிழங்கை அரிக்க வைக்கும் அதே கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பின் நுண்ணிய ஊசி போன்ற படிகங்கள் இதன் இலையிலும் உண்டு. கடித்தால் வாய் எரிந்து வீங்கும். பூனை, நாய்க்கும் அப்படித்தான். குழந்தை மென்றுவிட்டால் துப்ப வைத்து, வாயை ஈரத்துணியால் துடைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.