மாத்திரைச் சோறும் அம்மாவின் ஆட்டுக்கல்லும்

கேள்வி: சின்ன வயதில் நீங்கள் நினைத்துப் பார்த்த எதிர்காலமும் இப்போது வாழும் வாழ்க்கையும் ஒத்துப்போகின்றனவா?

1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோயுஸ் விண்கலத்தில் போனபோது நான் மூன்றாம் வகுப்பு. திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம். ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டு வந்த வாத்தியார், "2000 வரட்டும், நீங்கள்லாம் ராக்கெட்டுல போவீங்க. சோறு ஆக்குற வேலையே இருக்காது, ஒரு மாத்திரை போட்டா நாள் முழுக்கப் பசிக்காது" என்றார். மற்ற பையன்கள் ராக்கெட்டைப் பிடித்துக்கொண்டார்கள். நான் மாத்திரையைப் பிடித்துக்கொண்டேன்.

காரணம் எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிடந்த ஆட்டுக்கல். நாங்கள் கூட்டுக் குடும்பம், பதினோரு பேர். வாரம் இரண்டு நாள் சாயங்காலம் அம்மா அதன் முன்னால் காலை நீட்டி உட்காருவார். வலது கை குழவியைச் சுற்றும், இடது கை மாவைக் குழிக்குள் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு கையும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் உளுந்து. தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்டி, ஒரு சொட்டு மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். மிதந்தால்தான் வழிப்பார். அதற்கப்புறம் அரிசி, அதுதான் கையை ஒடிக்கும். எல்லாம் முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராத்திரி படுக்கும்போது தோளில் தைலம் தேய்த்துவிடச் சொல்வார். தைல வாசனையோடு படுத்துக்கொண்டு நான் அந்த மாத்திரை என்ன நிறத்தில் இருக்கும் என்று யோசிப்பேன். அம்மா அந்தக் கல்லை விட்டு எழுந்திருக்க வேண்டும். என்னுடைய 2000 அவ்வளவுதான்.

மாத்திரை வரவில்லை. 1996-இல் அப்பா சீட்டு எடுத்துக் கிரைண்டர் வாங்கினார். முதல் நாள் சுவிட்சைப் போட்டுவிட்டு அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மாவு அரைந்து முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. கல் சுற்றச் சுற்ற அவர் இடது கை மடியில் லேசாக அசைந்துகொண்டிருந்தது. "கை சும்மா இருக்கறது என்னமோ மாதிரி இருக்குடா" என்றார்.

இதில் என்னை இன்றைக்கும் உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. கோயம்புத்தூரில் 1950-களிலேயே மாவு அரைக்கும் கிரைண்டர் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். நான் பிறப்பதற்கு முன்பே, இதே தமிழ்நாட்டில். நான் வானத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டிருந்த பொருள் ஏற்கெனவே கடையில் இருந்திருக்கிறது. விலை எங்களுக்கு எட்டவில்லை, அதனால் எங்கள் வீட்டுக்கு வந்து சேர நாற்பது வருடம். பெரியம்மா வீட்டுக்கு இன்னும் தாமதம். 2011-இல் அரசாங்கம் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அவர் குழவியைக் கீழே வைத்தார். அந்தத் திட்டத்தை யாராவது 'இலவசம்' என்று இளப்பமாகப் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. பெரியம்மாவின் உள்ளங்கையை அவர்கள் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மற்றபடி, சிறுவனாக நினைத்ததைவிட அதிகமாகவே நடந்திருக்கிறது. முகம் பார்த்துப் பேசும் போன் வந்துவிட்டது. சந்திரயான்-3 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் நிலவில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் எங்கள் விழுப்புரத்துக்காரர். அன்றைக்கு நான் அலுவலக கேன்டீனில் நின்றுகொண்டே அழுதேன்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் வாத்தியார் தவறிவிட்டார். ராகேஷ் சர்மாவுக்கு மைசூரில் உள்ள பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சிக்கூடம் ரவை அல்வாவும் புலாவும் காயவைத்த மாம்பழக் கூழ்த் துண்டுகளும் செய்து கொடுத்தது என்பதைப் பல வருடம் கழித்துப் படித்தேன். நான் மாத்திரையை நினைத்துக்கொண்டு படுத்திருந்த அந்த ஏப்ரல் ராத்திரிகளில் அவர் மேலே அல்வா வைத்திருந்திருக்கிறார். இப்போது இந்தியாவின் ககன்யான் விண்கலத்தில் போகப்போகிறவர்களுக்காக அதே கூடம் தயாரித்த பட்டியலில் இட்லியும் இருக்கிறது.

இன்றைக்கு நான் சென்னையில் இருக்கிறேன். கிண்டியில் ரயிலை விட்டு இறங்கி, முனைக் கடையில் மாவுப் பாக்கெட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது என் வேலை. தோசை ஊற்றுவதும் பெரும்பாலும் நான்தான். அம்மா எங்களோடுதான் இருக்கிறார். வலது கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாது, தலை பின்ன என் மகள் உதவுகிறாள். போன வாரம் விண்வெளி இட்லியைப் பற்றி அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "உளுந்து போதுமா போட்டிருப்பாங்களா? இல்லன்னா கல்லு மாதிரி ஆயிடும், பாவம்" என்றார்.