டிபிஎஸ் செய்தும் நடுக்கம் திரும்பிவிட்டதே, ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. 11 ஆண்டுகளாகப் பார்கின்சன் நோய். மூன்று வாரங்களுக்கு முன் டிபிஎஸ் (மூளைக்குள் மின்முனை பதித்து, நெஞ்சில் வைத்த கருவியால் மின்தூண்டல் தருவது) அறுவைசிகிச்சை நடந்தது. முதல் நாலைந்து நாள் நடுக்கமே இல்லை. இப்போது பழையபடி வந்துவிட்டது. கருவியை இன்னும் ஆன் செய்யவில்லை. ஆபரேஷன் பலிக்கவில்லையா? தோள்வலிக்கு பிசியோதெரபி மையத்தில் கரன்ட் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விதான் அவசரமானது. வைக்கவே கூடாது. ஷார்ட்வேவ், மைக்ரோவேவ், அல்ட்ராசவுண்ட் என எந்த வகை டயதெர்மியும் (உடம்புக்குள் சூடேற்றும் சிகிச்சை), உடம்பின் எந்தப் பகுதியிலும், இனி அவருக்கு ஆகாது. டயதெர்மி கருவி அனுப்பும் ஆற்றலை நெஞ்சிலிருந்து தலைக்குப் போகும் கம்பி வாங்கி, மூளைக்குள் இருக்கும் மின்முனையில் சூடாக இறக்கிவிடும். இதனால் மூளைத் திசு கருகி உயிரிழந்தவர்கள் உண்டு. டிபிஎஸ் கருவி ஆஃபில் இருந்தாலும் ஆபத்து குறையாது. ஐஎஃப்டி, டென்ஸ் போன்ற, தோல் வழியாக மின்சாரம் செலுத்தும் வலி சிகிச்சைகளையும் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் வைக்காதீர்கள். பார்கின்சன் விறைப்பால் தோள் இறுகுவது சகஜம். அதற்கு உடற்பயிற்சிதான் வைத்தியம். கருவி பதித்த பக்கத் தோள் என்றால், கையை உயரத் தூக்கும் பயிற்சிகளை எப்போது தொடங்கலாம் என்று அறுவைசிகிச்சை செய்தவரிடம் கேளுங்கள்.

நடுக்கம் திரும்பியதற்காகக் கலங்க வேண்டாம். மின்முனை நுழைந்த இடத்தில் சிறு வீக்கம் உண்டாகும். அதுவே அந்த நரம்பணுக்களைச் சில நாள் அடக்கி வைத்திருந்தது. வீக்கம் வடிந்ததும் நோய் தன் பழைய நிலையைக் காட்டுகிறது. சிகிச்சை இனிமேல்தான் ஆரம்பம்.

கருவியை ஆன் செய்யும் நாளில், மாத்திரை போடாமல் காலையில் வரச் சொல்வார்கள். மின்முனையில் உள்ள ஒவ்வொரு தொடுமுனையிலும் மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மணிக்கட்டை மடக்கிப் பார்த்து விறைப்பு எங்கே விடுகிறது, எந்த அளவில் வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது என்று குறிப்பார்கள். பெரும்பாலும் 130 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 130 துடிப்பு), ஒவ்வொரு துடிப்பும் 60 மைக்ரோ நொடி என்ற அளவில் தொடங்குவார்கள். சரியான அளவு அமைய மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். நடுக்கம் நின்றாலும் பேச்சு மங்கினால் அதைச் சொல்லுங்கள். மின்சாரம் பக்கத்து நரம்பிழைகளுக்குப் பரவுவதால் வருவது அது, மாற்றியமைக்கலாம்.

பார்கின்சன் மாத்திரையான லீவோடோபாவை நீங்களாகக் குறைக்காதீர்கள். மின்னோட்டம் கூடக்கூட கைகால் தானாக நெளிந்தால், மாத்திரை மிஞ்சுகிறது என்று அர்த்தம். அப்போது மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். சட்டென்று குறைத்தால் எதிலும் நாட்டமற்றுச் சோர்ந்துபோவார். மனச்சோர்வு, வழக்கத்துக்கு மாறான செலவு, எரிச்சல் ஆகியவற்றை வீட்டார்தான் முதலில் கவனிக்க முடியும், தயங்காமல் தெரிவியுங்கள். ஒன்றை இப்போதே சொல்லிவிடுவது நல்லது: மாத்திரை வேலைசெய்யும் நேரத்திலும் சரியாகாத தள்ளாட்டம், டிபிஎஸ்ஸாலும் பெரும்பாலும் சரியாகாது.

நீந்தத் தெரிந்தவராக இருந்தாலும் தனியாகத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். டிபிஎஸ்ஸுக்குப் பின் நீந்தும் திறனை இழந்தவர்கள் இருக்கிறார்கள். எம்ஆர்ஐ, வேறு அறுவைசிகிச்சை எதுவானாலும் கருவியின் அடையாள அட்டையை முதலில் காட்டுங்கள்.

நெஞ்சிலோ காதுக்குப் பின்னாலோ தையல் சிவந்தால், நீர் கசிந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கருவி ஓடத் தொடங்கிய பிறகு, திடீரென உடம்பு கட்டையாக விறைத்தால் ரிமோட்டில் கருவி ஆனில் இருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி தீர்ந்திருந்தால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.