நிலைப்படி தாண்டாத பேய் மாடிக்கு வந்தது எப்படி?

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்குக் காசிமேடு. கன்டெய்னர் யார்டில் இரவு வேலை. 2021-இல் ஒரு பேய்ப்படக் கதையை வசனத்தோடு முழுத் திரைக்கதையாக எழுதினேன். கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர் ஒருவர் தன் வீட்டுக்கே பேயாக வருகிறார். நிலைப்படியில் லாடம் அடித்திருப்பதால் அவரால் உள்ளே நுழைய முடியாது. தெரிந்த உதவி இயக்குநர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பினேன். “படிச்சிட்டு சொல்றேன்” என்றவர் அப்புறம் பேசவே இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் வந்த ஒரு படத்தில் என் கதை இருக்கிறது. மலையில் ஒரு பங்களா, செத்தவர் கார் டிரைவர் என்று மாற்றியிருக்கிறார்கள். கதையை நான் எங்கும் பதிவு செய்யவில்லை. “எல்லாப் பேய்ப்படமும் ஒண்ணுதான், அதுவும் இவ்வளவு லாஜிக் ஓட்டை இருக்கிற கதையை யார் திருடுவாங்க?” என்கிறார்கள் நண்பர்கள். வழக்குப் போட முடியுமா?

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய திரைக்கதையைப் படித்தேன். படத்தை இரண்டு முறை பார்த்தேன். உங்கள் நண்பர்கள் சிரிக்கிற அந்த ஓட்டைகளில்தான் உங்கள் வழக்கே இருக்கிறது.

பேய் நிலைப்படியைத் தாண்டாது என்று படத்தின் முதல் அரைமணியிலேயே மந்திரவாதி சொல்லிவிடுகிறார். இடைவேளையில் அதே பேய் மாடி அறையில் நிற்கிறது. அந்தப் பங்களாவில் மாடிப்படி கூடத்துக்கு நடுவில் இருக்கிறது. வாசலைத் தாண்டாமல் மேலே போக வழியே இல்லை. உங்கள் கதையில் இது ஓட்டையே கிடையாது. காசிமேடு, ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும்: மாடியில் குடித்தனம் வைப்பதற்காகத் தெருவிலிருந்தே படிக்கட்டு ஏறும். நிலைப்படியை மிதிக்காமலே மாடிக்குப் போய்விடலாம். படம் எடுத்தவர்கள் வீட்டை மாற்றினார்கள், பேயின் நடையை மாற்ற மறந்துவிட்டார்கள்.

இன்னும் இரண்டு இருக்கின்றன. உங்கள் மீனவர் திண்ணையில் படுப்பவர். விடியற்காலை இரண்டு மணிக்குக் கிளம்பும்போது, மனைவி தூக்குச்சட்டியில் சோறு நீட்டுவதற்காக ஜன்னலை மூன்று முறை தட்டுவார். செத்த பிறகும் அதே நேரம், அதே தட்டு. அந்தக் காட்சியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். படத்தில் டிரைவர் பட்டப்பகலில் விபத்தில் சாகிறார். ஆனாலும் இரண்டு மணிக்கு ஜன்னலில் மூன்று தட்டு விழுகிறது, காரணம் கடைசி வரை இல்லை. அப்புறம் அந்த ஈரக் காலடி. மலைப் பங்களாவின் தரையில் கடல் மணல் எங்கிருந்து வந்தது?

ஒரே நல்ல யோசனை இரண்டு பேருக்குத் தனித்தனியாகத் தோன்றலாம். ஒரே காரணமில்லாத விஷயம் மூன்று இடத்தில் ஒத்துப்போவது மிக அரிது. மூலத்தில் காரணத்தோடு இருந்து, நகலில் காரணமில்லாமல் நிற்கும் இப்படிப்பட்ட பிழைகள் நகல் எடுத்ததைக் காட்ட நல்ல சாட்சி.

ஆனால் நகல் எடுத்தார்கள் என்று காட்டினால் மட்டும் போதாது. 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு டெலிபோன் டைரக்டரி வழக்கு வந்தது. திருடுபவரைப் பிடிப்பதற்காக ஒரு நிறுவனம் தன் டைரக்டரியில் நான்கு பொய்ப் பெயர்களை நுழைத்திருந்தது. அந்த நான்கும் இன்னொரு நிறுவனத்தின் டைரக்டரியில் அப்படியே வந்தன. ஆனாலும் முதல் நிறுவனம் தோற்றது. பெயரையும் எண்ணையும் அகரவரிசையில் அடுக்கியதில் சொந்தப் படைப்பு என்று எதுவும் இல்லை என்றது நீதிமன்றம். எடுக்கப்பட்டது உங்கள் சொந்தப் படைப்பா, அது கணிசமான பகுதியா என்பதையும் காட்டியாக வேண்டும்.

இங்கே நமக்கு அடிப்படைத் தீர்ப்பு 1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் ஃபிலிம்ஸ். யோசனை, கருப்பொருள், கதைக்கரு இவற்றுக்குக் காப்புரிமை (காப்பிரைட்) இல்லை, அவற்றை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்றது அது. இரண்டையும் பார்த்த சாதாரண ரசிகருக்கு, பின்னால் வந்தது முன்னதன் நகல்தான் என்று சந்தேகமில்லாமல் தோன்ற வேண்டும். தன் நாடகத்தைப் படமாக எடுத்துவிட்டார்கள் என்று அந்த வழக்கைப் போட்ட நாடக ஆசிரியர் தோற்றார்.

அதனால் பாழடைந்த வீடு, கரண்ட் போவது, கறுப்புப் பூனை, பழிவாங்கும் ஆவி இதையெல்லாம் விட்டுவிடுங்கள். லாடம் அடிக்கும் நம்பிக்கையும் ஊர்ச் சொத்து. நீங்கள் உரிமை கேட்க வேண்டியது காட்சிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் வரிசைக்கு: லாடம், திண்ணை, தட்டு, மாடி, கடைசியில் மனைவியே லாடத்தைப் பிடுங்கி எறிவது. வசனங்களில் ஏழு இடங்களில் வரி கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. இது பலமான கேஸ் என்றுதான் நினைக்கிறேன். கட்டாயம் ஜெயிக்கும் என்று எந்த வக்கீலும் சொல்ல முடியாது. வேற்றுமைகளும் நிறைய இருக்கின்றன, எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும்.

பதிவு செய்யாதது தடையில்லை. 1957 காப்புரிமைச் சட்டப்படி எழுதி முடித்த அன்றே உரிமை உங்களுடையது. பதிவு ஒரு சாட்சி, அவ்வளவுதான். உங்களிடம் அதைவிட நல்ல சாட்சி இருக்கிறது: தேதியோடு வாட்ஸ்அப்பில் போன பிடிஎஃப், அதற்கு அவர் போட்ட பதில். அந்தப் பழைய போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். திரைக்கதையில் ஒரு கமாவைக்கூட இப்போது திருத்தாதீர்கள். அடுத்த கதையை மட்டும் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிந்துவிட்டு வெளியே கொடுங்கள்.

ஃபேஸ்புக்கில் “திருடன்” என்று பெயர் போட்டு எழுத வேண்டாம், அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். காப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் குற்றப் புகாரும் கொடுக்கலாம், ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை உண்டு. உங்களுக்கு வேண்டியது பெயரும் பணமும் என்பதால் உரிமையியல் (சிவில்) வழக்கைத்தான் சொல்வேன். கம்பெனி எங்கிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அதே சட்டத்தின் 62-ஆம் பிரிவு இடம் தருகிறது. உயர் நீதிமன்றம் உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம்தான்.

முதலில் வக்கீல் நோட்டீஸ். படம் வெளியாகிவிட்டதால் அவசரத் தடை கிடைப்பது கடினம். தடை கேட்கவில்லை என்றால் வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12-ஏ பிரிவுப்படி வழக்குக்கு முன் சமரசப் பேச்சு கட்டாயம். டைட்டிலில் பெயர், லாபத்தில் பங்கு, டப்பிங், ரீமேக் உரிமையில் பங்கு, மூன்றையும் அங்கே கேளுங்கள். மூன்று வருடக் காலக்கெடு இருக்கிறது, அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டை இடித்துவிட்டு மாடி எழுப்பப் போவதாகக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் திண்ணை, நிலைப்படி, லாடம், தெருவிலிருந்து ஏறும் அந்தப் படிக்கட்டு, எல்லாவற்றையும் தேதியோடு போட்டோவும் வீடியோவும் எடுத்துவிடுங்கள். லாடத்தைக் கழற்றும்போது தூக்கிப் போட்டுவிடாமல் பத்திரமாக வையுங்கள்.