மாதக்கணக்கில் மவுத்வாஷ் பயன்படுத்தலாமா?

கேள்வி: ஈறில் ரத்தம் கசிந்ததற்காகப் பல் மருத்துவர் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தார். நானே மருந்துக்கடையில் திரும்பத் திரும்ப வாங்கி மூன்று மாதமாகக் கொப்பளித்து வருகிறேன். பற்கள் பழுப்பாகிவிட்டன, உணவின் ருசியும் சரியாகத் தெரிவதில்லை. நிறுத்திவிடலாமா?

பதில்: இன்றே நிறுத்திவிடுங்கள். குளோர்ஹெக்சிடின் குறுகிய காலத்துக்கு மட்டுமே தரப்படும் மருந்து; ஈறு அறுவைச் சிகிச்சைக்குப் பின் பல் துலக்க முடியாத நாட்களில் 0.2 சதவீதக் கரைசலில் 10 மி.லி. எடுத்து, காலையும் இரவும் ஒரு நிமிடம் கொப்பளிக்கச் சொல்வது வழக்கம். பல்லிலும் வாயின் உட்சவ்விலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் கிருமிகளைத் தடுப்பதே அதன் சிறப்பு. ஆனால், அப்படி ஒட்டியிருக்கும் மருந்தே காபி, தேநீரில் உள்ள நிறமிகளையும் பல்லின்மேல் படிய வைக்கிறது. இந்தக் கறை வெளிப்பூச்சுதான் என்பதால் மருத்துவர் சுத்தம் செய்து மெருகேற்றினால் போய்விடும். எலுமிச்சையோ உப்போ வைத்துத் தேய்த்து எனாமலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ருசியும் பொதுவாகத் தானே திரும்பிவிடும்.

ரத்தக் கசிவுக்கான காரணம் பெரும்பாலும் ஈறு ஓரத்தில் படியும் கிருமிப் படலமும், அது இறுகி உண்டாகும் காரையும்தான். படலத்தைப் பிரஷ்ஷால்தான் அகற்ற முடியும். காரையை எந்தத் திரவமும் கரைக்காது, பல் மருத்துவர் கருவியால் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஸ்கேலிங் மூலமே எடுக்க வேண்டும். ரத்தம் வருகிறதே என்று பயந்து அந்த இடத்தைத் துலக்காமல் விடுபவர்கள் பலர். அங்கேதான் மென்மையான பிரஷ்ஷை ஈறை ஒட்டிச் சாய்த்துப் பிடித்து, நிதானமாகத் துலக்க வேண்டும்.

ஃபுளோரைடு கலந்த மவுத்வாஷை அன்றாடம் பயன்படுத்தலாம். ஆனால் பல் துலக்கியவுடனே வேண்டாம். அன்றாட மவுத்வாஷில் ஃபுளோரைடு பெரும்பாலும் 225 பிபிஎம் (பத்து லட்சத்தில் 225 பங்கு) அளவில்தான் இருக்கும். பற்பசையில் 1000 பிபிஎம் அளவுக்கு இருப்பதை அது கழுவிவிடும். மதிய உணவுக்குப் பின் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருப்பது நல்லது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் விழுங்கிவிடக்கூடும் என்பதால் அவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. வாய் வறட்சி உள்ளவர்கள் ஆல்கஹால் இல்லாத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஸ்கேலிங் செய்து, ஒழுங்காகத் துலக்கியும் சில வாரங்களில் கசிவு நிற்கவில்லையென்றால் மறுபடியும் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தச் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு ஈறு நோயை ஆறவிடாது.